வேரின் தாகமும் வேரின் மூச்சும்

மண்ணில்லாப் பயிர்வளர்ப்பில் நீரையும் காற்றையும் நிறுத்தளக்கும் முறை

அடுக்குமாடி வீட்டின் நடைவழியிலோ தாழ்வாரத்திலோ மண் இல்லாமல் கீரை வளர்ப்பது சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பலருக்கு இன்று பழகிப்போன பொழுதுபோக்காகும். மூடியிட்ட ஒரு பெட்டி, அதனுள் உர உப்புகள் கரைந்த நீர், மூடியில் துளையிட்டுப் பொருத்திய சிறு வலைக்கிண்ணங்கள், கிண்ணத்துக்கொரு நாற்று, இவ்வளவே கருவி. இரண்டு மூன்று வாரங்கள் நாற்றுகள் தளதளவென்று வளர்கின்றன. பிறகு ஒரு நாள் நண்பகலில் இலைகள் துவண்டு தொங்குகின்றன. ‘தண்ணீர் போதவில்லை போலும்’ என்று எண்ணி, வளர்ப்பவர் பெட்டியை விளிம்பு வரை நிரப்பி விடுகிறார். மறுநாள் இலைகள் இன்னும் துவள்கின்றன. சில நாள் கழித்து மூடியைத் தூக்கிப் பார்த்தால், வெள்ளை நூல்போல் இருந்த வேர்க்கற்றை பழுப்பேறி வழுவழுத்துக் கிடக்கிறது, நாற்றமும் வீசுகிறது.

நீரிலேயே நின்றுகொண்டு செடி தாகத்தால் மாண்டதென்றால் அது விந்தையன்றோ? ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்று அண்டை வீட்டார் ஆறுதல் கூறக்கூடும். ஆயினும் அப்பழமொழி இவ்விடத்தில் முழுதும் பொருந்துவதன்று. அதே அளவு நீரில், அதே உப்புக் கரைசலில், வேறொரு வீட்டில் செடி செழித்து நிற்பதைக் காணலாம். முதல் வீட்டுச் செடியைக் கொன்றது நீரின் மிகுதி அன்று. நீருக்குள் காற்று இல்லாமற் போனதேயாகும். இவ்வொன்றைத் தெளிவாக உணர்ந்தவருக்கு மண்ணில்லாப் பயிர்வளர்ப்பின் பாதி இரகசியம் கைவந்துவிட்டது எனலாம்.

வேரும் மூச்சு விடுகிறது

செடி கரியமிலவாயுவை உட்கொண்டு பிராணவாயுவை வெளியிடுகிறது என்று பள்ளியில் படித்தவர்கள், செடிக்குப் பிராணவாயு தேவையே இல்லை என்று எண்ணிவிடுவதுண்டு. பகலொளியில் இலை செய்யும் சமையலுக்குத்தான் அக்கூற்று பொருந்தும். வெளிச்சமே படாத வேருக்குச் சமையல் தெரியாது. இலையிலிருந்து இறங்கி வரும் சர்க்கரையைப் பிராணவாயுவுடன் சேர்த்து எரித்தே அது தன் ஆற்றலைப் பெறுகிறது. மனிதர் மூச்சு விடுவதற்கும் வேர் மூச்சு விடுவதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

அந்த ஆற்றல் எதற்கு? வெளியே உள்ள நீரில் பொட்டாசியம், நைட்ரேட் முதலிய உப்புகள் மிகக் குறைவு; வேரின் உயிரணுக்களுக்குள் அவை மிகுதி. குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்கு உப்பை ஏற்ற வேண்டுமானால் உழைத்தே ஆக வேண்டும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு நீர் இறைப்பதைப் போன்றது இது. பிராணவாயு கிடைக்காதபோது வேர் சர்க்கரையை நொதிக்கவைத்து ஒருவாறு உயிர் தரிக்கும். ஆனால் அதில் கிடைக்கும் ஆற்றல், முறையாக மூச்சு விடும்போது கிடைப்பதில் ஏறக்குறையப் பதினைந்தில் ஒரு பங்கே. அத்துடன் சாராயமும் அமிலமும் கழிவாகத் தேங்குகின்றன. அவ்வளவு சிறு வருவாயைக் கொண்டு குடும்பம் நடத்த வேரால் நெடுநாள் இயலாது.

நல்ல தோட்ட மண்ணில் இத்தொல்லை எழுவது அரிது. அத்தகைய மண்ணின் கனஅளவில் ஏறத்தாழப் பாதி வெற்றிடமே. அவ்வெற்றிடத்தில் சிறு துளைகளில் நீரும் பெரிய துளைகளில் காற்றும் தங்குகின்றன. மழை பெய்தால் பெரிய துளைகளும் நிறைகின்றன. மழை விட்டதும் அந்நீர் கீழே வடிய, அது விட்டுச்சென்ற இடத்தில் புதுக்காற்று புகுகிறது. நீரும் காற்றும் ஒரே வீட்டில் ஒண்டிக்குடித்தனம் செய்யும் ஏற்பாட்டை மண் தானாகவே செய்து வைத்திருக்கிறது. மண்ணை நீக்கியவர் அந்த ஏற்பாட்டைத் தம் கையால் செய்து தர வேண்டியவராகிறார்.

நீருக்குள் எவ்வளவு காற்று?

இங்கே சில எண்களைக் கவனித்தல் நலம். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. ஒரு லிட்டர் தூய நீரிலோ, 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதிகமாகக் கரைந்திருக்கக்கூடியது 9 மில்லிகிராம் அளவே. 25 டிகிரியில் அது 8.3 ஆகவும், 30 டிகிரியில் 7.5 ஆகவும், 35 டிகிரியில் 7-க்குச் சற்றுக் குறைவாகவும் இறங்குகிறது. ஆக, வெப்ப நாட்டு வீட்டில் வைத்திருக்கும் நீரைக் காட்டிலும் அதன் மேலே உள்ள காற்றில் 35 மடங்கு பிராணவாயு இருக்கிறது.

இருப்பு குறைவென்பது மட்டுமன்று, போக்குவரத்தும் மந்தம். அசையாத நீருக்குள் பிராணவாயு ஊர்ந்து பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறக்குறையப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகும். பெட்டியின் மேற்பரப்பில் கரையும் பிராணவாயு, அடியில் கிடக்கும் வேர்நுனியைச் சென்றடைவதற்குள், மேலே உள்ள வேர்களே அதனைத் தீர்த்துவிடும்.

இத்துடன் மூன்றாவது இடர் ஒன்றும் சேர்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேரின் மூச்சு வேகம் ஏறத்தாழ இருமடங்காகிறது. நீர் சூடேறச் சூடேற அதில் இருக்கும் பிராணவாயு குறைகிறது. வேருக்கு வேண்டிய பிராணவாயுவோ மிகுகிறது. வரவு குறையும் அதே வேளையில் செலவு பெருகுகிறது. குளிர் நாட்டு நூல்களில் சொல்லிய முறையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியும் இந்நாடுகளில் சிலர் தோல்வி காண்பதற்கு இதுவே தலையாய காரணம். வெயில் படும் இடத்தில் கறுப்பு நிறப் பெட்டியை வைத்தவர் இக்கேட்டைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார்.

நீரில் நின்றும் தாகம் ஏன்?

மூச்சு முட்டிய வேர் உப்பை ஏற்காமற் போவது புரிகிறது. நீரையுமா ஏற்காது? நீர் உள்ளே செல்ல அவ்வளவு ஆற்றல் வேண்டியதில்லையே என்று கேட்கலாம். இவ்வினாவுக்குத் தெளிவான விடை கிடைத்தது அண்மைக் காலத்தில்தான்.

உயிரணுவின் மெல்லிய சவ்வில் நீர் மட்டும் நுழையத்தக்க நுண்ணிய வாயில்கள் உள்ளன. அக்குவாப்போரின் எனப்படும் புரதங்களே அவ்வாயில்கள். அவற்றைக் கண்டறிந்ததற்காக அமெரிக்க அறிஞர் பீட்டர் ஆக்ரே 2003ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, பிராணவாயு இன்றித் தவிக்கும் வேரில் இவ்வாயில்கள் அடைபடுகின்றன என்று காட்டியது. மூச்சு முட்டிய உயிரணுவுக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது; அந்த அமிலம் பட்டதும் வாயில் மூடிக்கொள்கிறது. வெளியே நீர் நிறைந்திருந்தும் உள்ளே வர வழியில்லை. மேலே இலையோ நண்பகல் வெயிலில் நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது. செலவு நிற்காமல் வரவு நின்றால் இலை துவளாமல் என் செய்யும்?

வறட்சியால் வாடிய செடியும் மூச்சு முட்டி வாடிய செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றுவதுதான் இதில் உள்ள ஆபத்து. இலையை மட்டும் பார்த்து முடிவு செய்பவர் தவறான மருந்தையே கொடுப்பார். மேலும் நீர் வார்த்தல், மூழ்குபவன் தலையை இன்னும் அழுத்துவதற்கு ஒப்பாகும்.

வாடுதற்கு வேறொரு காரணமும் உண்டு. வெயில் மிகுந்த நாள்களில் செடி உப்பைக் காட்டிலும் நீரையே மிகுதியாகக் குடிக்கிறது. எஞ்சிய கரைசல் நாளுக்கு நாள் கெட்டியாகிறது. உப்பு மிகுந்த கரைசல் வேருக்குள் நீரை எளிதில் விடாது. கடல்நீர் நடுவே படகில் இருப்பவனுக்கு நேரும் தாகமே செடிக்கும் நேர்கிறது. கரைசலின் மின்கடத்தும் திறனை அளக்கும் சிறு கருவி இதைக் காட்டிக் கொடுக்கும். கீரை வகைகளுக்கு அக்கருவி ஏறக்குறைய 1.2 முதல் 2 மில்லிசீமென்ஸ் வரை காட்டினால் போதுமானது. அதற்கு மேல் ஏறியிருந்தால் வெறும் நீரைச் சேர்க்க வேண்டும். மறுபடியும் உரம் சேர்ப்பது பிழை.

சதுப்பு நிலம் கற்பிக்கும் பாடம்

நெல் நீரில் நிற்கிறதே, அது மூச்சு முட்டிச் சாகவில்லையே என்று கேட்பது நியாயமே. நெல்லின் தண்டிலும் வேரிலும் இலையிலிருந்து அடிவரை நீண்ட காற்று அறைகள் உள்ளன. இலைவழி புகும் காற்று அவ்வழியே இறங்கி வேர்நுனியைச் சேர்கிறது. தாமரைத் தண்டை ஒடித்துப் பார்ப்பவர் இத்தகைய குழல்களைக் கண்ணாலேயே காணலாம். கங்கோங் கீரையின் தண்டு உள்ளே வெற்றாக இருப்பதும் இதன்பொருட்டே. சிங்கப்பூரின் சுங்கை பூலோவிலும் பேராக் மாநிலத்தின் மாத்தாங்கிலும் அலையாத்திக் காடுகளில் நடப்பவர்கள், சேற்றிலிருந்து விரல்விரலாக மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களைப் பார்த்திருப்பார்கள். அவை மரம் மூச்சு விடுவதற்காக வெளியே நீட்டிய மூக்குகள்.

தக்காளி, மிளகாய், சலாட் கீரை முதலியவை இத்தகைய ஏற்பாட்டுடன் பிறந்தவை அல்ல. ஆகவே அவற்றுக்கு வேறு துணை வேண்டும். முதன்முதலாக மண்ணில்லா முறையைக் கைக்கொள்பவர் கங்கோங்கைப் பயிரிட்டுப் பழகுவது நன்று. சிறு பிழைகளை அது பொறுத்துக்கொள்ளும்.

அறிஞர்கள் கண்ட வழிகள்

உப்பு கரைந்த நீரில் மட்டுமே செடியை வளர்க்க முடியும் என்பதை 1860களில் ஜெர்மானிய அறிஞர்களான சாக்ஸ், நாப் இருவரும் நிலைநாட்டினர். சோதனைக்கூடத்தில் நடந்த அக்கலையைத் தோட்டக்கலையாக மாற்ற முயன்றவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கெரிக்கே ஆவார். 1929ஆம் ஆண்டு முதல் அவர் எழுதி வந்த செய்திகள் நாடெங்கும் பரபரப்பை ஊட்டின. 1937இல் ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்ற பெயரும் வழக்குக்கு வந்தது. கெரிக்கேயின் தொட்டியில் கவனிக்கத்தக்க சிறப்பு ஒன்று இருந்தது. கரைசலுக்கு மேலே கம்பிவலை; வலையின்மேல் மரச்சீவல் முதலியன பரப்பிய படுகை; படுகைக்கும் கரைசலுக்கும் இடையே காற்று உலவ இடைவெளி. வேரின் மேற்பகுதி ஈரக்காற்றிலும் நுனிப்பகுதி நீரிலும் இருந்தன.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோக்லாந்தும் ஆர்னனும் 1938இல் வெளியிட்ட சிற்றேட்டில், நீர்ப்பயிர் நல்ல மண்ணில் விளைவதைக் காட்டிலும் மாயமாக மிகுந்து விளைவதில்லை என்பதைப் பதற்றமின்றி எடுத்துக்காட்டினர். வேருக்குக் காற்றூட்ட வேண்டியதன் இன்றியமையாமையையும் அவர்கள் வலியுறுத்தினர். அவர்கள் வகுத்த உப்புக் கரைசலின் பெயர் இன்றும் ஆய்வுக்கூடங்களில் வழங்குகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது அட்லாண்டிக் கடலின் அசென்ஷன் தீவிலும், போர் முடிந்த பின் டோக்கியோவை அடுத்த சோஃபுவிலும் அமெரிக்கப் படையினருக்காகப் பெரிய சரளைக்கல் தோட்டங்கள் அமைந்தன. சரளை நிறைந்த தொட்டிக்குள் அடியிலிருந்து கரைசலை ஏற்றி, சிறிது நேரத்தில் வடித்து விடுவர். நீர் ஏறும்போது பழைய காற்று வெளியேறும். நீர் இறங்கும்போது புதிய காற்று உள்ளே இழுக்கப்படும். தொட்டியே மூச்சு விடுவதுபோல் அமைந்த முறை இது. வங்காளத்தின் காலிம்பாங்கில் ஷோல்ட்டோ டக்ளஸ், விலையுயர்ந்த எந்திரங்கள் இன்றிக் கல்லும் மணலும் கலந்த தொட்டிகளில் ஏழை எளியவரும் பயிரிடத்தக்க முறையை உருவாக்கினார். அதை விளக்கும் அவருடைய நூல் 1951இல் வெளிவந்தது.

இங்கிலாந்தின் ஆலன் கூப்பர் 1960களில் வேறொரு வழி கண்டார். சற்றே சாய்ந்த வாய்க்காலில் காகிதம்போல் மெல்லிய நீர்ப்படலம் ஓடிக்கொண்டிருக்கும். வேர்ப்பாயின் அடிப்பக்கம் நீரிலும் மேற்பக்கம் காற்றிலும் இருக்கும். கேமரன் மலையிலும் சிங்கப்பூர்ப் பண்ணைகளிலும் நெகிழிக் கூரையின்கீழ்க் காணப்படும் நீண்ட வெண்ணிற வாய்க்கால்களில் பல இம்முறையின் வழித்தோன்றல்களே. வாய்க்காலில் பள்ளம் விழுந்து நீர் தேங்கினால் இதன் பயன் கெடும். மின்சாரம் நின்றாலோ வேர் விரைவில் காயும்.

சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தின் அறிஞர் லீ சிங் கோங்கும் அவருடன் பணியாற்றியோரும் 1990களில் இன்னும் ஒரு படி முன்னேறினர். வேரை நீரிலேயே இடாமல் மூடிய அறையில் தொங்கவிட்டு, குளிர்ந்த கரைசலை நுண்திவலைகளாக அதன்மேல் தெளித்தனர். வெளியே இலைகள் வெப்பமண்டல வெயிலில் இருக்க, வேரை மட்டும் ஏறக்குறைய 20 டிகிரியில் குளிர்ச்சியாக வைத்ததால், குளிர்நாட்டுச் சலாட் கீரை கடல்மட்டச் சிங்கப்பூரிலேயே தலைகட்டி விளைந்தது. செடி வாழ்வதற்கு நாடு முழுவதும் குளிர வேண்டியதில்லை, வேர் குளிர்ந்தால் போதும் என்பதை இது விளக்கிற்று.

முறைகள் பலவாயினும் வினா ஒன்றே: வேரை ஈரமாகவும் வைத்து, மூச்சு விடவும் விடுவது எவ்வாறு?

வீட்டில் செய்யத்தக்கவை

வீட்டுக்கு மிக எளியது, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்டு கிராட்கி பரப்பிய அசையாநீர் முறையாகும். அதில் எந்திரமும் இல்லை, மின்சாரமும் இல்லை. தொடக்கத்தில் கரைசல் வலைக்கிண்ணத்தின் அடியைத் தொடும் அளவு இருக்கும். செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். இறங்கிய இடத்தில் ஈரக்காற்று நிறைந்த வெற்றிடம் உண்டாகி, அங்கே வேர்கள் பக்கவாட்டில் கிளைத்துக் காற்றைப் பருகும். கீழே உள்ள வேர்கள் நீரையும் உப்பையும் ஏற்கும். ஒரே செடியில் காற்றுவேர், நீர்வேர் என இருவகைத் தொழிற்பிரிவு ஏற்படுகிறது. ஒரு சலாட் கீரைக்கு ஏறக்குறைய 4 லிட்டர் கரைசலை முதலிலேயே வைத்துவிட்டால் அறுவடை வரை அதுவே போதும்.

இக்கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட பிழை இப்பொழுது விளங்கும். காற்றுவேர் உருவான பின் பெட்டியை விளிம்பு வரை நிரப்பினால், காற்றில் வாழப் பழகிய வேர்கள் ஒருசேர மூழ்கிப்போகின்றன. வாடும் செடிக்கு நீர் சேர்க்கவே வேண்டுமானால் அடியில் சிறிதளவு சேர்த்து, மேலே காற்று வெளியை அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

பெட்டி எப்பொழுதும் நிறைந்திருக்க வேண்டும் என்போர், மீன்தொட்டிக்கு வைக்கும் காற்றுக்கருவியைப் பயன்படுத்தலாம். குமிழிகள் பிராணவாயுவைக் கரைப்பதோடு நீரைக் கலக்கி அடிவரை கொண்டு சேர்க்கின்றன. ஆனால் சுடுநீருக்குள் எவ்வளவு குமிழி விட்டாலும் அதன் கொள்ளளவுக்கு மேல் பிராணவாயு கரையாது. ஆகவே பெட்டியை நிழலில் வைத்தல், வெள்ளைத் துணியோ வெள்ளை வண்ணமோ கொண்டு மூடுதல், சிறு பெட்டிக்குப் பதிலாகப் பெரிய பெட்டி கொள்ளுதல் ஆகியவை முதலில் செய்ய வேண்டியவை. நீர் மிகுந்தால் அது சூடேறவும் நேரம் மிகும். வெளிச்சம் புகாதபடி மூடினால் பாசியும் படியாது.

தென்னைநார்த் தூளிலோ சுட்ட களிமண் உருண்டையிலோ வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. பாத்திரம் துலக்கும் பஞ்சு ஒன்றை நனைத்துத் தட்டையாகப் பிடித்தால் நீர் சொட்டி நின்றுவிடும். அதையே செங்குத்தாக நிமிர்த்தினால் மறுபடியும் நீர் வடியும். பஞ்சின் அடியில் எப்பொழுதும் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் தங்கும் என்பதே இதன் பொருள். தொட்டிக்கும் இதே விதி. ஆழமற்ற தட்டில் நார்த்தூளை நிரப்பினால் பெரும்பகுதி சேறாகவே கிடக்கும். ஆழமான தொட்டியில் அடியில் மட்டும் ஈரம் தங்கி மேலே காற்று உலவும். அடியில் துளை இருப்பதும், வடிந்த நீர் தட்டில் தேங்காமல் இருப்பதும் இன்றியமையாதன. எப்பொழுது நீர் விடுவது என்பதற்குத் தொட்டியைத் தூக்கிப் பார்ப்பதே நல்ல அளவுகோல். நனைத்த உடனே உள்ள கனத்தையும் காய்ந்தபின் உள்ள கனத்தையும் கை நாளடைவில் அறிந்துகொள்ளும்.

காற்றற்ற வெதுவெதுப்பான நீரில் பித்தியம் என்னும் நுண்ணுயிர் பெருகுகிறது. பூஞ்சைபோல் தோன்றினும் அது வேறு இனம். நீரில் நீந்திச் செல்லும் விதைத்துகள்களால் வேருக்கு வேர் தாவும். அது பற்றிய வேரை விரலால் உருவினால் மேற்தோல் கழன்று, நடுவே நூல் மட்டும் எஞ்சும். அத்தகைய செடியை அகற்றிக் கரைசலைக் கொட்டி, பெட்டியைக் கழுவி உலர்த்துவதே முறை. பலவீனமுற்ற வேரையே அது எளிதில் வெல்கிறது. மூச்சு விடும் வேருக்கு எதிர்ப்பு வலிமை மிகுதி.

தேங்கிய நீரைப்பற்றிப் பேசுமிடத்து ஏடிஸ் கொசுவை மறந்துவிடலாகாது. முட்டை கொசுவாக ஒரு வாரம் அளவே போதும். வீட்டில் கொசு பெருகவிடுவது சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சட்டப்படி குற்றம். ஆகவே மூடி இறுக்கமாக இருத்தலும், வெற்றுத் துளைகளை அடைத்தலும், வடிதட்டுகளைக் கவிழ்த்தலும் பயிருக்காக மட்டுமன்றிக் குடும்பத்தின் நலத்துக்காகவும் செய்ய வேண்டிய கடமைகளாகும்.

இலை வாடினால் நீர்க்குவளையைத் தேடுமுன் மூடியைத் தூக்கி வேரைப் பார்ப்பது நன்று. வேர் வெண்மையாகவும் நீர் வற்றியும் இருப்பின் அது தாகம், நீர் கொடுக்கலாம். வேர் பழுத்தும் நீர் நிறைந்தும் இருப்பின் அது மூச்சுத்திணறல். காற்று கொடுக்க வேண்டும். வேர் வெண்மையாக, நீரும் போதுமானதாக இருந்து இலை மட்டும் துவண்டால், உப்பின் கடுமையையும் வெயிலின் கொடுமையையும் ஆராய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இலை நோயைச் சொல்லும். நோயின் காரணத்தைக் கண்ணுக்குத் தெரியாத வேரே சொல்லும்.